பழசு முடியட்டும்

போன வாரம் ஒரு முட்டையோடு நிறுத்தியிருந்தோம். மறந்துபோனவர்களுக்கும், போன வார இதழைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் கொடுத்துவிட்டு இன்னும் திரும்ப வாங்காதவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

டைல்ஸ் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கும் நம் கதாநாயகர், நாயகர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான், மளிகைச் செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று வீட்டுச் சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஏழு நாளைக்கும் என்னென்ன சமையல், ஆளுக்கு எத்தனை கப், எந்தக் காய் எந்த வேளைக்கு என்று கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. புத்தியுள்ள குடும்பங்கள் எல்லாம் செய்கிற காரியம்தான்.

ஆனால் புத்தி இருக்கிற இடத்தில்தானே நம்மவர் இருக்க மாட்டார். கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகவேண்டும். அதைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். இடது பக்கம் பழைய சரக்கு, வலது பக்கம் புதுச் சரக்கு. இடது பக்கம் காலியாகும்வரை வலது பக்கத்தை யாரும் தொடக்கூடாது. முட்டைக்குக்கூட மார்க்கரால் தேதி போட்டார்.

டைல்ஸுக்கு இது அருமையான சட்டம். டைல்ஸ் வாடாது, பூசணம் பிடிக்காது, மூன்றாம் நாள் நாற்றம் அடிக்காது. கீரைக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. சனிக்கிழமை வாங்கிய புது ரொட்டி, போன வார ரொட்டி தீரும்வரை வலது பக்கத்தில் காத்திருக்கும். இதற்கு முறை வரும்போது இதுவும் காய்ந்திருக்கும். அதற்குள் அடுத்த புது ரொட்டி வந்து வரிசையில் நிற்கும். ஆக, வாரா வாரம் புது ரொட்டி வாங்கி வாரா வாரம் காய்ந்த ரொட்டி தின்கிற அபூர்வக் குடும்பம் இது.

"ஒரே ஒரு நாள் பழசையெல்லாம் எடுத்துப் போட்டுட்டா, அப்புறம் தினமும் புதுசாவே சாப்பிடலாமே," என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"அதுக்குப் பேர்தான் வேஸ்டேஜ்," என்றார் சூப்பர்வைசர். "பழசு முடியட்டும்."

விடுமுறைக்கு வந்த மகள் நான்கு நாள் பார்த்துவிட்டு, பரீட்சை இருக்கிறது என்று சொல்லி ஹாஸ்டலுக்கே திரும்பி ஓடினாள். ஹாஸ்டல் சாப்பாட்டை நினைத்து ஏங்கிய முதல் பெண் அவளாகத்தான் இருக்கும்.

அந்த முட்டை விஷயத்துக்கு வருவோம். மனைவியின் அப்பா இவர்களோடுதான் இருக்கிறார். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மனைவி காலமானபிறகு மகள் வீட்டுக்கு வந்தவர். ஒருநாள் ஃபிரிட்ஜைத் திறந்து, கைக்கு எட்டிய ஒரு முட்டையை எடுத்தார். அது வலது பக்கத்து முட்டை.

"மாமா, அது அடுத்த வாரத்துது," என்றார் மருமகன். குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. கிடங்கில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

பெரியவர் முட்டையை அதன் குழியிலேயே வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதோடு போன வாரம் முடிந்தது. வீட்டில் அதற்குப் பிறகு மூன்று வாரம் ஓடிவிட்டது. பத்திரிகைக் காலண்டரும் வீட்டுக் காலண்டரும் ஒன்றாக ஓடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

*

சனிக்கிழமை காலை. சூப்பர்வைசர் சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, விருது வாங்கப் போகிறவர் மாதிரி சாப்பாட்டு மேஜைக்கு வந்தார்.

"மூணுல ஒரு பங்கு," என்றார்.

"எது?" என்றாள் மனைவி.

"மளிகை பில்லு. ரெண்டு வாரமா மூணுல ஒரு பங்கு குறைஞ்சு அப்படியே நிக்குது. ஆடல, அசையல."

"அப்படியா."

"அப்படியாவா? ஊர்ல அவனவன் விலைவாசின்னு தலையில கை வச்சுட்டு உக்காந்திருக்கான். இந்த வீட்டுல ஒருத்தன் திட்டம் போட்டு குறைச்சிருக்கான். அதுக்கு ஒரு அப்படியா. மேனேஜர்கிட்ட சொன்னேன். அசந்துட்டாரு. திங்கக்கிழமை மீட்டிங்ல என்னையே பேசச் சொல்லிட்டாரு. 'வீட்டிலும் ஒரு கிடங்கு'ன்னு தலைப்பு நானே வச்சது."

அவள் போன வார ரொட்டியை மென்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்து பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லாமல் செய்தது, அந்த ரொட்டி செய்த ஒரே நல்ல காரியம்.

அப்பா உள்ளேயிருந்து வந்தார். முழுக்கைச் சட்டை, வாரிய தலை. நின்றபடியே டீயைக் குடித்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கப்பா," என்றாள்.

"வேண்டாம் பாப்பா. நேத்து ராத்திரி சிநேகிதன் வீட்டுல நல்லா சாப்பிட்டேன். இன்னும் வயித்துலயே நிக்குது."

நாற்பதைத் தாண்டிய பெண்ணை இந்த உலகத்தில் பாப்பா என்று கூப்பிட இவர் ஒருவர்தான் மிச்சம். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவளுக்கு அது பிடிக்கும்.

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினார். "நாலு பேரோட பழகினா நல்லதுதானே," என்றார் சூப்பர்வைசர், பெருந்தன்மையாக. டீ அவர் போட்ட கட்டத்தில் சேராது, அதனால் அதற்குக் கணக்கு இல்லை.

இந்தச் சிநேகிதர் யார் என்று பாப்பா ஒருநாளும் கேட்கவில்லை. எந்தத் தெரு, எத்தனாம் நம்பர், ஒரு பழைய சிநேகிதனுக்கு அடிக்கடி இப்படிச் சோறு போடுகிற அந்த மகராசி யார், எதையும் கேட்கவில்லை. காலையில் அவசரம், மாலையில் அலுப்பு. நம்புவது சுலபமாக இருந்தது, நம்பினாள். கணவரை மட்டும் கரித்துக்கொட்டிவிட்டு இவளைத் தட்டிக்கொடுத்து அனுப்ப எனக்கு மனசில்லை.

*

பாப்பா வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்குப் பொருத்திப் பார்ப்பது, காதில் மாட்டுகிற காம்பை வளைப்பது, மூக்கில் அழுத்துகிற இடத்தைத் தளர்த்துவது அவள் வேலை. மத்தியானம் முதலாளி ஒரு கண்ணாடிப் பெட்டியை நீட்டினார்.

"அடுத்த தெரு ஆபீஸ் பில்டிங்ல, ஆறாவது மாடி வக்கீலோடது. இறங்கி வர மாட்டாராம். நீங்களே போய்ப் போட்டுப் பார்த்துட்டு வந்துடுங்கம்மா."

"பையனை அனுப்பினா ஆகாதா சார்?"

"காதுக்குப் பின்னாடி குத்துதுன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாரு. நீங்க போனாத்தான் தீரும்."

அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும், வாடகை வாங்க மட்டும் ஆள் இருக்கிறது, வெள்ளையடிக்க ஆள் இல்லை. வாசலில் பெயர்ப்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பாதிப்பேர் காலி செய்துகொண்டு போனவர்கள். லிப்ட் அந்தக் காலத்தது. வெளியே இரும்புக் கதவு, உள்ளே மடங்குகிற கம்பிக் கதவு. இரண்டையும் யாராவது இழுத்துச் சாத்தினால்தான் அது நகரும்.

அவளோடு காத்திருந்தவர்கள் இரண்டு பேர். கையில் ஃபைல் கட்டோடு ஒரு குமாஸ்தா, காதில் ஃபோனோடு ஒரு வாலிபன்.

லிப்ட் வந்து நின்றது. கம்பிக் கதவு மடங்கியது. உள்ளே, மூலையில், உயரமான ஸ்டூலில் நீலச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"எந்த மாடி?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவர், மகளைப் பார்த்தார்.

பாப்பா வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னாலிருந்த வாலிபன் அவளை இடித்துக்கொண்டு ஏறினான். குமாஸ்தா ஏறினார். கடைசியில் அவளும் ஏறினாள்.

"நாலு," என்றார் குமாஸ்தா.

"அஞ்சு," என்றான் வாலிபன். "பெருசு, கதவை சட்டுனு சாத்து. நேரமாகுது."

அப்பா கதவை இழுத்துச் சாத்தினார். அவருடைய கை பொத்தான்மேல் இருந்தது. அவளைப் பார்க்காமல், "நீங்கம்மா?" என்று கேட்டார்.

"ஆறு," என்றாள்.

பெற்ற அப்பாவிடம் மாடி நம்பர் சொல்லிக்கொண்டு நிற்கிற நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது. அவள் அவருடைய நீலச் சட்டையின் பையில் தைத்திருந்த கட்டடத்தின் பெயரையே படித்துக்கொண்டிருந்தாள். காலையில் போட்டிருந்த முழுக்கைச் சட்டை ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கியது.

நாலாவது மாடியில் குமாஸ்தா இறங்கினார், ஐந்தாவதில் வாலிபன் இறங்கினான். ஒரு நன்றி, ஒரு தலையசைப்பு, ஒன்றும் கிடையாது. அந்த மாதிரி ஆள்களுக்கு லிப்ட் தானாக ஓடுகிறது, சோறு தானாக வேகிறது, அம்மா தானாக எழுந்து பரிமாறுகிறாள்.

ஆறாவது மாடி வந்தது. அப்பா கதவைத் திறந்தார். அவள் இறங்கவில்லை.

"இறங்கும்மா. உன் வேலையைப் பாரு."

"சாத்துங்கப்பா."

அவர் சாத்தினார். லிப்ட் அங்கேயே நின்றது.

"இதுதான் உங்க சிநேகிதன் வீடா?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "சும்மா இருந்து இருந்து கை துருப்பிடிச்சுப் போச்சு. இந்த லிப்ட்டை நான் சின்ன வயசுல ரிப்பேர் பண்ணியிருக்கேன். அப்பல்லாம் மேல ஏறி நின்னு வேலை பார்ப்பேன். இப்ப உள்ள உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

"நான் சாப்பாட்டைக் கேக்கறேன்."

"கீழ கேன்டீன்ல போடறாங்க. ரெண்டு வேளை." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "சூடா இருக்கும்மா. அன்னைக்கு ஆக்கினது."

கீழே யாரோ மணி அடித்தார்கள். அவர் பொத்தானை அழுத்தினார். இருவரும் லிப்ட்டோடு கீழே இறங்கினார்கள். இரண்டு பெண்கள் ஏறி மூன்றாவது மாடியில் இறங்கினார்கள். அதுவரை அப்பாவும் மகளும் வேற்று மனிதர்களாக நின்றார்கள். அவர் மறுபடி கதவைச் சாத்தினார்.

"அந்த முட்டைக்காகவா?" என்றாள்.

"மாப்பிள்ளை தப்பா ஒண்ணும் சொல்லலியே. அடுத்த வாரத்துதுன்னு சொன்னாரு. அது அடுத்த வாரத்துதுதான். தேதி போட்டிருந்தது."

"அப்புறம் ஏன்ப்பா?"

"இந்த வயசுல ஒருத்தர்கிட்ட அடுத்த வாரம்னு சொன்னா ஒரு மாதிரி இருக்கு பாப்பா. வேற ஒண்ணுமில்ல."

அவள் கண்ணாடிப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழுதால் அவர் தாங்கமாட்டார் என்று தெரியும். அதனால் கோபப்பட்டாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அவர்கிட்ட சண்டை போடுவே. என்னால உங்களுக்குள்ள ஒரு பேச்சு வேண்டாம்னுதான்." அவர் பொத்தான்களையே பார்த்தார். "இன்னொண்ணும் இருக்கு. மேல மொட்டைமாடியில, மோட்டார் ரூமை ஒட்டி ஒரு அறை சும்மா கிடக்கு. அங்கேயே தங்கிடுங்க, ராத்திரியில லிப்ட் நின்னா பார்த்துக்கலாம்னு பில்டிங் மேனேஜர் சொல்றாரு. இன்னைக்கு ராத்திரிக்குள்ள பதில் கேக்கறாரு. இல்லேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன்னைக் கேக்காம என்ன சொல்றது? எப்படிக் கேக்கறதுன்னுதான் யோசிச்சுட்டு இருந்தேன். நீயே ஏறிட்டே."

அவள் ஆறாவது மாடியில் இறங்கும்போது அப்பாவின் கையை ஒருதரம் பிடித்தாள். "நான் பேசற வரைக்கும் எதுவும் சொல்லாதீங்க. ராத்திரி நம்ம வீட்டுலதான் சாப்பிடறீங்க. அவரே வந்து உங்களைக் கூப்பிடுவாரு."

"வேண்டாம்மா."

"கூப்பிடுவாருப்பா."

எந்த நம்பிக்கையில் அப்படிச் சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள். இருபது வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்தினால், அவர் உள்ளே எங்கேயோ ஒரு நல்ல மனுஷன் ஒளிந்திருப்பான் என்று நினைத்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இருபது வருஷத்துக்கு என்ன பதில் சொல்வது?

வக்கீலின் காதுக்குப் பின்னால் காம்பை வளைத்துச் சரிசெய்தாள். "போன தடவையே சரியா பண்ணியிருந்தா உங்களுக்கும் இந்த அலைச்சல் இல்ல, எனக்கும் இந்த இம்சை இல்ல," என்று சொல்லி அவர் கொட்டாவி விட்டார். அவருக்குக் குத்தியது கண்ணாடி இல்லை, சுபாவம். அதை வளைக்க அவளிடம் கருவி இல்லை.

*

பாப்பா வீட்டுக்கு வந்தபோது சூப்பர்வைசர் சனிக்கிழமைச் சரக்கை இறக்கிக்கொண்டிருந்தார். தரையில் பைகள். மேஜைமேல் மார்க்கர். முட்டைக்கோஸின் தலையில் தேதிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். போன வார முட்டைக்கோஸ் இடது பக்கத்துக்கு மாற்றப்பட்டு, மேல் இதழெல்லாம் சோர்ந்து, தன் விதிக்காகக் காத்திருந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். குத்திக்காட்டக்கூடாது, முட்டையை இழுக்கக்கூடாது, அவர் கையால் ஒரு ஃபோன், ஒரு வார்த்தை, அது போதும்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு." கேரட்டுக்குச் சீட்டு ஒட்டினார்.

"அப்பாவுக்கு ஒரு ஃபோன் பண்ணி, மாமா, ராத்திரி சாப்பிட வீட்டுக்கு வந்துடுங்கன்னு சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

அவர் மார்க்கரை மூடினார். ஏதோ யோசித்தார். அவளுக்கு நெஞ்சு ஒரு நொடி லேசானது. எழுந்து ஃபோனை எடுக்கப்போகிறார் என்று நினைத்தாள்.

எழுந்தவர் ஃபிரிட்ஜ் கதவைத்தான் காட்டினார். "இந்த வாரத் திட்டம் போட்டாச்சே."

அவள் திரும்பிப் பார்த்தாள். புதுத் தாள் ஒட்டியிருந்தது. ஏழு நாள், மூன்று வேளை, எல்லாம் கோடு பிசகாமல். போன வாரம்வரை ஆளுக்கொன்றாக மூன்று கட்டம் இருந்த இடத்தில் இரண்டுதான் இருந்தது.

"அப்பாவோடது எங்க?"

"அவர்தான் வெளியில சாப்பிடறாரே."

"சிநேகிதர் வீட்டுல எப்பவாவது சாப்பிடறதுக்காக..."

"எப்பவாவதா?" சூப்பர்வைசர் சிரித்தார். அறியாப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "நீ ஒண்ணும் கவனிக்கறதே இல்ல. அவர் இங்க சாப்பிட்டு மூணு வாரமாச்சு. ஒரு வேளைகூட இல்ல."

 பாப்பா மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? அரிசி டப்பா சொல்லுது. ஒரு ஆள் அளவுக்கு இறங்கவே இல்ல. ரொட்டி மிச்சம், காய் மிச்சம். முதல் வாரமே பிடிச்சுட்டேன். சரக்கைப் பார்த்து ஆளைச் சொல்றதுதான் என் வேலையே." அவர் குரலில் பெருமை இருந்தது. சத்தியமாகப் பெருமைதான்.

"முதல் வாரமே தெரியுமா?"

"தெரியும். ரெண்டாவது வாரத்துலேருந்து கொள்முதலைக் குறைச்சுட்டேன். அதனாலதான் பில்லு அப்படியே நிக்குது."

"எங்க சாப்பிடறாருன்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா உங்களுக்கு?"

"அது அவரோட சொந்த விஷயம். நான் போய்த் தலையிடறதா?"

மரியாதை தெரிந்த மனுஷன். ஒரு வயசானவர் தன் கூரைக்குக் கீழே மூன்று வாரமாகச் சோற்றைத் தொடாமல் போய்வருகிறார் என்று அரிசி டப்பாவைப் பார்த்துக் கண்டுபிடித்தார், கண்டுபிடித்ததும் அரிசியைக் குறைத்தார். இவரைப்பற்றி எழுதும்போது என் பேனாவையும் அவ்வப்போது கழுவவேண்டியிருக்கிறது.

பாப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் அவள் கெட்டிக்காரி இல்லை. ஆனால் இது கெட்டிக்காரத்தனம் தேவைப்படுகிற கணக்கே இல்லை.

"பில்லு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுதுன்னு காலையில சொன்னீங்க."

"ஆமா."

"வீட்டுல மூணு பேர்."

"சரி."

"மூணுல ஒருத்தர் சாப்பிடறதை நிறுத்திட்டாரு. பில்லும் மூணுல ஒண்ணு குறைஞ்சுது. உங்க திட்டத்தால குறைஞ்சது எவ்வளவு?"

  சூப்பர்வைசர் கையிலிருந்த கேரட்டை மேஜைமேல் வைத்தார். அவர் காது மடல் சிவந்தது. அந்தக் கணக்கு அவருக்குப் புதிதில்லை என்று பாப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மீட்டிங்கில் எழுந்து ஏதாவது ஒரு வம்பன் கேட்பானோ என்று பயந்து, இந்த மூன்று வாரத்தில் எத்தனை தடவை போட்டுப் பார்த்தாரோ.

"அப்படிப் பார்க்கக்கூடாது," என்றார் கடைசியில். "எல்லாம் சேர்ந்துதான்."

"நான் இன்னைக்கு அவரைப் பார்த்தேன். ஒரு பில்டிங்ல லிப்ட் ஓட்டறாரு. சின்னப் பசங்க பெருசுன்னு கூப்பிடறாங்க. ரெண்டு வேளை சூடா சோறு போடறாங்கன்னு போயிருக்காரு. நம்ம வீட்டை விட்டுட்டு அங்கேயே தங்கச் சொல்றாங்க. ராத்திரிக்குள்ள பதில் சொல்லணுமாம். நீங்க கூப்பிட்டா வருவாரு. நீங்க கூப்பிட்டாத்தான் வருவாரு. அதுக்குத்தான் கேக்கறேன்."

இதைவிடத் தெளிவாக ஒரு பெண் ஒரு மனுஷனிடம் கேட்கமுடியாது. முன்னால் எந்த ஆண்பிள்ளை உட்கார்ந்திருந்தாலும் எழுந்திருப்பான். நம்மவரும் கொஞ்சம் அசைந்தார், அதை மறைக்க மாட்டேன். லிப்ட் என்றதும் முகம் வாடியது. ஃபோன் பக்கம் கைகூடப் போனது. பிறகு கண் மறுபடி ஃபிரிட்ஜ் கதவுக்குப் போனது. திங்கட்கிழமை மீட்டிங்கும் அதில்தான் ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ.

"நான் வேண்டாம்னா சொல்றேன்?" என்றார். "சாமான் எல்லாம் ரெண்டு பேருக்கு வாங்கியாச்சு. இப்ப நடுவுல ஒருத்தர் வந்தா ஏழு நாள் திட்டமும் குழம்பிடும். மீட்டிங் வேற இருக்கு. இந்த வாரம் ஓடட்டும். அடுத்த வாரத்துலேருந்து வரட்டும்."

பாப்பா அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கடையில் சிலர் வந்து உட்காருவார்கள். எந்த லென்ஸை மாற்றிப் போட்டாலும் எதிர்ச் சுவரில் இருக்கிற எழுத்து அவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். எழுந்து அறைக்குள் போனாள். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது.

"நான் சொல்றதுல என்ன தப்பு? அடுத்த வாரம்தானே சொல்றேன்," என்று இவர் கேரட்டைப் பார்த்துக் கேட்டார். கேரட்டுக்கும் பதில் தெரியவில்லை.

அவள் தோளில் ஒரு பையோடு வெளியே வந்தபோது அவளுடைய ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"பாப்பா," என்றது அப்பாவின் குரல். பின்னால் இரும்புக் கதவு இழுபடுகிற சத்தம். "மேனேஜர் கிளம்பறாரு. பக்கத்துலயே நிக்கறாரு. மாப்பிள்ளை என்ன சொன்னாரும்மா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் மார்க்கரைத் திறந்துகொண்டிருந்தார்.

"நீங்க சரின்னு சொல்லிடுங்கப்பா."

 "சரிம்மா," என்றார் அப்பா. "அதுதான் நல்லது. நீ மனசு கஷ்டப்படாதே. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து..."

"அப்பா, அந்த அறையில ரெண்டு பேர் படுக்க இடம் இருக்குமா?"

"ரெண்டு பேரா?" என்றார் அப்பா. "யாரும்மா இன்னொருத்தர்?"

சூப்பர்வைசரும் நிமிர்ந்தார். "யாரு இன்னொருத்தர்?" என்றார்.

இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பாப்பா ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.